தண்ணீர் கேனுக்குக் கீழே ஒரு வயர்

ஜூன் 3, செவ்வாய்

வகுப்பு நன்றாகப் போனது, கடைசிப் பத்து நிமிடத்தைத் தவிர.

பன்னிரண்டு பேர் படிக்கிற தொடக்கநிலை கம்ப்யூட்டர் வகுப்பு. யாரும் வயசுப் பிள்ளைகள் இல்லை. எல்லாரும் எங்கள் ஊர் கோபியில் கடை வைத்திருப்பவர்கள், அல்லது வைக்கப்போகிறவர்கள். சம்பூரணம் அக்கா வீட்டிலேயே மசாலாப்பொடி அரைத்துப் போனிலேயே விற்கிறார். அவருக்கு வெப்சைட் செய்து தருகிற ஈரோட்டுப் பையன் நேற்று, "உங்ககிட்ட ஏபிஐ இருக்குதுங்களா, இல்ல வெப் சர்வீஸ் எதாச்சும் வேணுங்களா?" என்று கேட்டிருக்கிறான். அக்கா, "அடுப்புல பால் பொங்குது" என்று போனை வைத்துவிட்டார். இன்று என்னிடம் வந்து, "சார், ரெண்டும் ஒண்ணுங்களா, வேறவேறங்களா?" என்றார்.

பன்னிரண்டு பேரும் பேனா மூடியைக் கழற்றினார்கள்.

"நல்ல கேள்வி. இது பெரிய சப்ஜெக்ட். நாளைக்குப் பார்க்கலாம்" என்றேன்.

தெரியாமல் அப்படிச் சொல்லவில்லை. அவசரத்தில் சொல்லி அரைகுறையாகப் புரிந்துவிடக் கூடாதே என்றுதான். பின்னால் எனக்கே சந்தேகம் வரக் கூடாது என்பதால் இங்கே எழுதி வைக்கிறேன்.

பதினாறு வருடம் இதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில் சர்வீஸ் பார்த்தவன் நான். பிரிண்டர், மானிட்டர், நெட் வயர். ஜனவரியில் வாத்தியார் பெங்களூருக்குக் கிளம்பிவிட, முதலாளி நல்லசிவம் சார், "ஈஸ்வரா, ரெண்டு மாசத்துக்கு நீ மேல பாத்துக்க" என்றார். ஆறாவது மாதம் நடக்கிறது. கீழே நான் வயர்க்காரண்ணன். மேலே சார். பதினாறு படிதான் இடைவெளி.

தேங்காய் இரண்டு வாங்கினேன். வீட்டுக்காரி கலாமணிக்குத் தலைவலி மாத்திரை வாங்க மறந்துவிட்டேன். அதனால் எனக்கும் தலைவலி.

ஜூன் 4, புதன்

தேடிப் பார்த்தால் எல்லா இடத்திலும் ஒரே ஹோட்டல் கதை. அதை நம் ஊர் மெஸ்ஸாக மாற்றிச் சொன்னேன். "நீங்க சமையக்கட்டுக்குள்ள போக முடியாது. சப்ளையர்கிட்டச் சொல்றீங்க. அவர் உள்ள சொல்லி வாங்கிட்டு வர்றார். அந்த சப்ளையர்தான் ஏபிஐ."

எல்லாரும் எழுதிக்கொண்டார்கள்.

"அப்ப வெப் சர்வீஸுங்க?" என்றார் சம்பூரணம் அக்கா.

"அதுவும் சப்ளையர்தான். கொஞ்சம் பெரிய மெஸ்."

உரக்கடை நஞ்சப்பன் கை தூக்கினார். "சார், எங்கூட்ல நானு நேரா சமையக்கட்டுக்கே போயி ஒரு தோசை போடும்பேன். நடுவுல சப்ளையரும் இல்ல, போனும் இல்ல. அது என்னங்க?"

"அது குடும்பம்" என்றேன்.

வகுப்பே சிரித்தது. அதன்பிறகு எந்த மெஸ்ஸில் குழம்பு நன்றாக இருக்கும் என்று பேச்சுத் திரும்பி, மணி அடிக்கும்வரை ஓடியது. கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது போலவே எல்லாரும் கிளம்பினார்கள். சம்பூரணம் அக்கா மட்டும் நோட்டைப் பார்த்தபடியே படி இறங்கினார்.

ஜூன் 5, வியாழன்

கரண்ட் இல்லை. வகுப்பு இல்லை. கடவுள் இருக்கிறார்.

ஜூன் 9, திங்கள்

சம்பூரணம் அக்கா நல்லசிவம் சாரிடம் பேசியிருக்கிறார். புகார் சொல்லவில்லையாம், கேட்டாராம்.

இன்று காலை சார் ஒரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்தார். தெய்வானை. இருபத்தொன்பது வயது. கோயம்புத்தூரில் நாலு வருடம் சாஃப்ட்வேர் கம்பெனி. கைக்குழந்தை இருக்கிறது, தினமும் பஸ்ஸில் போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம் முடியவில்லை, உள்ளூரிலேயே வேலை வேண்டுமாம். வணக்கம் சொன்னாள். நானும் சொன்னேன். வணக்கத்தில் நான் குறை வைக்கவில்லை.

சாருக்கு ஒரு வழக்கம் உண்டு. புது வாத்தியார் வந்தால் கடைசி பெஞ்சில், ஜன்னலோரம், ஒரு நாற்பது பக்க நோட்டோடு உட்காருவார். பாடம் முடிந்ததும் எழுந்து முன்னால் வந்து, தனக்குப் புரிந்ததைத் திருப்பிச் சொல்வார். தப்பில்லாமல் சொல்லிவிட்டால் வாத்தியார் தேறினார். "எனக்குப் புரிஞ்சா ஊருக்கே புரியுமய்யா" என்பார். அது உண்மைதான். ஒருமுறை எக்செல் பாடத்தைக் கேட்டுவிட்டு, "ஆக, இது ஒரு காலண்டர்" என்று முடித்தார். அந்த வாத்தியார் அன்றைக்கு மதியமே ஊரைப் பார்க்கக் கிளம்பிவிட்டார்.

"இருவதாந் தேதி வெள்ளிக்கிழமை. சம்பூரணம் கேட்ட கேள்விதான் பாடம். பத்து மணிக்கு அம்மிணி. பதினொண்ணரைக்கு ஈஸ்வரன். யாரு சொல்றது எனக்குப் புரியுதோ அவுங்களுக்கு வகுப்பு" என்றார் சார்.

"எனக்கு ஒண்ணும் இல்லைங்க சார், யார் எடுத்தா என்ன" என்றேன். எனக்கு உண்மையிலேயே ஒன்றும் இல்லை. மதியம் சாப்பாடு மட்டும் இறங்கவில்லை. வெயில்.

ஜூன் 11, புதன்

தெய்வானை வந்து கேட்டாள். "சார், இந்த பிரிண்டரை என் மெஷின்ல நேரா மாட்டித் தர முடியுங்களா? நெட்வொர்க் வழியா வேண்டாங்க."

மாட்டிக் கொடுத்தேன். இரண்டு நிமிட வேலை. நான் கேபிளைக் கட்டிய அழகைப் பார்த்து, "எவ்வளவு நீட்டா இருக்குதுங்க" என்றாள். இதெல்லாம் ஒரு தந்திரம்.

அவள் திரையில் ஐந்து பட்டன் இருந்தன. இன்றைய தேதி, ஃபைல் திற, பிரிண்ட், கோபி வெதர், ஈரோடு மஞ்சள் விலை. பிரிண்டருக்கும் இந்தப் பாடத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்க நினைத்தேன். கேட்டால் எனக்குத் தெரியாது என்று ஆகிவிடும். ஆகவே, தெரிந்தவன் சிரிப்பது போல் சிரித்துவிட்டு வந்தேன்.

ஜூன் 13, வெள்ளி

கலாமணியின் அண்ணன் வீட்டுப் புதுமனை புகுவிழா. கலாமணி எல்லாரிடமும், "எங்கூட்டுக்காரரு இப்ப கம்ப்யூட்டர் வாத்தியாருங்க" என்று சொல்லிக்கொண்டே பந்திக்கும் கூடத்துக்கும் நடந்தாள். டிவியில் படம் வரவில்லை. மச்சான் என்னைப் பார்த்தார். அதற்குள் கலாமணி, "அதெல்லாம் அவரு இப்ப செய்யறதில்லீங்கண்ணா" என்றாள்.

எல்லாரும் சாப்பிடப் போனபோது டிவிக்குப் பின்னால் கை விட்டுப் பார்த்தேன். லூஸ் கனெக்‌ஷன். இறுக்கிவிட்டு, ஒன்றும் தெரியாதவன் போல் பாயசம் குடித்தேன். நல்ல பாயசம்.

ஜூன் 16, திங்கள்

மூன்று வலைப்பக்கம் படித்தேன். ஒன்று, இரண்டும் ஒன்றே என்கிறது. இன்னொன்று, இரண்டும் வேறு என்கிறது. மூன்றாவது, வெப் சர்வீஸ் எல்லாமே ஏபிஐ, ஆனால் ஏபிஐ எல்லாமே வெப் சர்வீஸ் இல்லை என்கிறது. மூன்றையும் எழுதியவர்களை ஒரே அறையில் பூட்டிவைத்தால் நாட்டுக்கு நல்லது.

பதினான்கு நிமிட வீடியோ ஒன்று கிடைத்தது. பொம்மைகள் எல்லாம் வந்து பேசுகின்றன. என் வகுப்பில் அதையே நெட்டில் ஓடவிடப் போகிறேன். எப்போது பேச வேண்டும் என்று மட்டும் இல்லை, எப்போது வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்றும் ஒரு வாத்தியாருக்குத் தெரிய வேண்டும்.

ஜூன் 18, புதன்

மேல்மாடி நடையில், வகுப்பறைக்கு வெளியே, தண்ணீர் கேன் ஸ்டாண்டுக்குக் கீழே ஒட்டடை அடித்தேன். வகுப்புக்கு நெட் போகிற பெட்டி அங்கேதான் இருக்கிறது. பதினாறு வருடத்துக்கு முன் நான் போட்டது. ஒரே ஒரு நீல வயர். எலி கிலி கடித்திருக்கிறதா என்று பார்த்தேன். கடிக்கவில்லை. கழற்றுவது எளிதாக இருக்கிறதா என்றும் பார்த்தேன். பராமரிப்பில் இதுவும் சேர்த்திதான்.

ஜூன் 20, வெள்ளி

சரியாகப் பத்து மணிக்கு தெய்வானை ஆரம்பித்தாள். சார் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, நோட்டில் பிள்ளையார் சுழி போட்டுவிட்டுக் காத்திருந்தார். நான் கதவோரம்.

ஐந்து பட்டனையும் எல்லாரையும் அவரவர் மெஷினில் அமுக்கச் சொன்னாள்; பிரிண்டை மட்டும் தன் மெஷினில் தானே அமுக்கிக் காட்டினாள். எல்லாம் வேலை செய்தன. கோபியில் முப்பத்தொரு டிகிரி. வெளியே எட்டிப் பார்த்தாலே தெரிகிற வெயிலைத் திரையில் பார்த்து நஞ்சப்பன் ஆச்சரியப்பட்டார். மஞ்சள் விலையைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் பெருமூச்சு விட்டார்கள். வகுப்பு அவள் பக்கம் சாய்ந்துகொண்டிருந்தது. எனக்குத் தாகமாக இருந்தது. தண்ணீர் குடிக்கப் போனேன்.

அந்த நேரம் பார்த்து நெட் போய்விட்டது. நெட் என்றால் போகும்.

திரும்பி வந்தபோது என் பேன்ட் முழங்கால் நனைந்திருந்தது. கேன் ஒழுகுகிறது. அதைப் பார்க்க வேண்டும்.

தெய்வானை வெதரை அமுக்கினாள். வட்டம் சுற்றியது. மறுபடி அமுக்கினாள். மறுபடி சுற்றியது. அவள் முகம் வெளுத்துவிட்டது. பின்னால் சார் பேனாவோடு காத்திருக்கிறார். முதல் மூன்று நொடி எனக்கு நன்றாகத்தான் இருந்தது. பொய் சொல்வானேன்? அப்புறம் அவள் முந்தானையின் ஓரத்தைக் கையில் சுருட்டிக்கொண்டதைப் பார்த்தேன். அதற்குமேல் நன்றாக இல்லை.

அவள் சட்டென்று நிமிர்ந்தாள். "எல்லாரும் வெதரை அமுக்குங்க. என்ன ஆகுதுங்க?"

"சுத்துதுங்க."

"மஞ்சள் விலை?"

"அதும் சுத்துதுங்க."

"தேதி?"

"வருதுங்க!"

"ஃபைல் திற?"

"தொறக்குதுங்க!"

"நஞ்சப்பண்ணா, என் மெஷினுக்கு வந்து பிரிண்டை அமுக்குங்க."

அவர் எழுந்து போய் அமுக்கினார். பிரிண்டர் முனகிக்கொண்டே ஒரு தாளைத் துப்பியது. அதை இரண்டு கையாலும் வாங்கி, "நெட்டே இல்லாம எப்புடிங்கம்மா வந்துச்சு?" என்றார்.

"அதுதாங்க இன்னைக்குப் பாடம்" என்றாள் தெய்வானை. "ஏபிஐன்னா ஒரு ஏற்பாடு. ஒரு புரோகிராம் இன்னொரு புரோகிராமுக்கு, என்கிட்ட இதை இப்படிக் கேட்டா இதைத் தருவேன்னு சொல்லி வெச்சிருக்கு. அஞ்சு பட்டனும் அப்படித்தான் கேக்குது. பிரிண்ட், தேதி, ஃபைல் மூணும் இந்த மெஷினுக்குள்ளயே கேட்டு வாங்கிக்குது. வெதரும் மஞ்சள் விலையும் எங்கயோ இருக்குற வேற மெஷின்கிட்ட நெட் வழியாக் கேக்குது. அப்படி நெட்ல போயி வாங்குற ஏபிஐக்குத்தான் வெப் சர்வீஸ்னு பேரு. அஞ்சுமே ஏபிஐ. ரெண்டுதான் வெப் சர்வீஸ்."

நஞ்சப்பன் யோசித்தார். "அப்ப எங்கூட்டு சமையக்கட்டுல கேட்டா வெறும் ஏபிஐங்க. மெஸ்ஸுக்குப் போன் போட்டுக் கேட்டா வெப் சர்வீஸுங்க."

"இதைவிட நல்லா என்னாலயே சொல்ல முடியாதுங்கண்ணா."

அது குடும்பம் என்று அன்று நான் சொன்னதை யாரும் எடுத்துப் பேசவில்லை. நல்ல மனிதர்கள்.

இதையும் எழுதிவிடுகிறேன். எனக்கும் அப்போதுதான் புரிந்தது. பதினேழு நாளாகப் படித்தும் ஏறாதது ஒரு நிமிடத்தில் ஏறியது. அவள் பாடத்தைக் கெடுக்க வந்தவன், கதவோரம் நின்று வாயைப் பிளந்து பாடம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

நல்லசிவம் சார் நோட்டோடு எழுந்து முன்னால் வந்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, படித்தவாறே சொன்னார்.

"மொதல்ல அஞ்சு பட்டனும் வேல செய்யறத அம்மிணி காட்டுச்சு. அப்பறம் ஈஸ்வரன் வெளிய போயி, தண்ணிக் கேனுக்குக் கீழ மண்டி போட்டு, வயரக் கழட்டுனாப்ல. ஒடனே வெளிய இருந்து வாங்குற ரெண்டும் நின்னு போச்சு. உள்ளயே வாங்குற மூணும் நிக்கல. நின்னது வெப் சர்வீஸு. நிக்காதது வெறும் ஏபிஐ. ஆனா அஞ்சுக்கும் பொதுப் பேரு ஏபிஐ." நோட்டை மூடினார். "சரிங்களா அம்மிணி?"

ஒரு எழுத்துக்கூடத் தப்பில்லை. ஜன்னலோர பெஞ்சிலிருந்து நடை முழுக்கத் தெரியும் என்பதைப் பதினாறு வருடமாக வயர் போட்டவன் யோசிக்கவில்லை.

சார் முகமெல்லாம் சிரிப்பு. "போட்டின்னு சொன்னா ரெண்டு பேரும் அடிச்சுக்குவீங்கன்னு நெனச்சேன். இப்புடிப் பேசி வெச்சுக்கிட்டுச் சேந்து எடுப்பீங்கன்னு நெனைக்கவே இல்ல. பேசி வெச்சதுதான அம்மிணி?"

பன்னிரண்டு தலை என் பக்கம் திரும்பியது. தெய்வானை என் முகத்தைப் பார்த்தாள். பிறகு ஈரமான முழங்காலைப் பார்த்தாள். ஒரு வார்த்தை சொன்னால் போதும், நான் மேல்மாடியில் இருக்க மாட்டேன். கீழ்த்தளத்திலும் இருக்க மாட்டேன்.

"ஆமாங்க சார். பேசி வெச்சதுதாங்க" என்றாள்.

"அப்பறம் என்ன, ஈஸ்வரா? வயர மாட்டிட்டு வந்து உன்ர பாடத்த எடு. இனி ரெண்டு பேருமே எடுங்க."

கதவோரத்திலிருந்து முன்னால் போனேன். கரும்பலகைக்குப் பக்கத்தில் நின்றேன். ஆறு மாதமாக நான் நிற்கிற இடம்தான். வெட்கம் பிடுங்கித் தின்றது. அவள் என்னைக் காட்டிக் கொடுத்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

"பேசி வெக்கலைங்க சார்" என்றேன். "இவங்க பாடம் கெட்டுப் போகட்டும்னுதான் கழட்டினேன். அக்கா கேட்ட கேள்விக்கு எனக்கு மூணாந் தேதியும் பதில் தெரியாது. நேத்து வரைக்கும் தெரியாது. இப்ப மேடம் சொல்லித்தான் தெரிஞ்சுது."

சம்பூரணம் அக்காதான் முதலில் வாயைத் திறந்தார்.

"அன்னைக்கே தெரியாதுன்னு சொல்லியிருந்தீங்கன்னா, நானும் தைரியமா அந்தத் தம்பிகிட்டத் தெரியாதுன்னு சொல்லியிருப்பனுங்க சார். பதினேழு நாளா அவன் போனையே எடுக்கலைங்க."

சார் நோட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டார். திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "திங்கக்கெழமையில இருந்து கீழ போயிரு ஈஸ்வரா" என்று மட்டும் சொன்னார்.

வெளியே போய் மண்டி போட்டு வயரை மாட்டினேன். உள்ளே கோபியில் முப்பத்திரண்டு டிகிரி ஆகியிருந்தது.

ஜூன் 21, சனி

கலாமணியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மூக்கைச் சிந்துவாள் என்று நினைத்தேன். அவள் வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவே இல்லை. "நீங்க வாத்தியார் ஆனதுல இருந்து நம்மூட்டு மிக்ஸி ஓடலீங்க. ஆறு மாசமா அம்மியில அரைக்கறேன். வாத்தியார் சார்கிட்டப் போயி மிக்ஸியப் பாருங்கன்னு எப்படிச் சொல்றதுன்னு இருந்தேன்" என்றாள்.

மிக்ஸியைப் பிரித்தேன். கார்பன் பிரஷ் தேய்ந்திருந்தது. கடைக்குப் போய் வாங்கி வந்து போட்டேன். சாயங்காலம் தேங்காய்ச் சட்னி.

ஜூன் 23, திங்கள்

கீழ்த்தளம். தூசி தட்டவே மதியம் ஆகிவிட்டது. மூன்று பிரிண்டர், ஒரு மானிட்டர், யாருடையது என்று தெரியாத ஒரு கீபோர்டு.

நாலு மணிக்கு தெய்வானை இறங்கி வந்தார். ஸ்டூலைத் துடைத்துப் போட்டேன்.

"எதுக்குங்க அன்னைக்குப் பேசி வெச்சதுன்னு சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"கோவம் வந்துச்சுங்க சார். வராமயா இருக்கும்? ஆனா வேலை இல்லாம உக்காந்திருக்கறது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். அதையும் ஒருத்தருக்கு நான் வாங்கித் தரணுமான்னு தோணுச்சு." ஸ்டூலில் உட்கார்ந்தார். "அதுவுமில்லாம, நான் போர்டுல கோடு போட்டு விளக்கலாம்னுதான் இருந்தேன். வயரைக் கழட்டிக் காட்டணும்னு எனக்குத் தோணவே இல்லைங்க. அது மட்டும் நல்ல ஐடியா."

"ஐடியா இல்லைங்க, அயோக்கியத்தனம்."

"சரி, நல்ல அயோக்கியத்தனம்." சிரித்துவிட்டார். "அடுத்த பேட்ச்சுக்கும் இந்தப் பாடம் வருது. நானே போயிக் கழட்டினா, முன்னாடியே வெச்ச ஏற்பாடுன்னு கண்டுபிடிச்சிருவாங்க. தானாப் போன மாதிரி இருக்கணும். உங்களால முடியுங்களா?"

யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்ல வாய் வந்தது. அந்தப் பழக்கத்தை விட்டுவிட்டேன். "முடியுங்க" என்றேன்.

ஜூலை 18, வெள்ளி

புது பேட்ச். பத்து இருபத்தைந்துக்கு மேலே போய்க் கழற்றினேன். உள்ளே பதினைந்து பேரும் கூச்சல் போட்டார்கள். காதுக்கு இனிமையாக இருந்தது.

பேக்கரிக்காரர் ஒருவர் வெளியே ஓடி வந்தார். மண்டி போட்டிருந்த என்னையும், என் கையில் தொங்கிய நீல வயரையும் பார்த்தார். அவசரத்தில் பாடத்துக்கு ஐந்து நிமிடம் முன்னாலேயே கேட்டுவிட்டார்: "அண்ணா, உள்ள அந்தம்மா வெப் சர்வீஸ், வெப் சர்வீஸ்ங்கறாங்க. அப்புடின்னா என்னங்கண்ணா?"

வயரைத் தூக்கிக் காட்டினேன். "இதைக் கழட்டினா எது நிக்குதோ, அதுங்க."

அவர் வயரைப் பார்த்தார், கதவைத் திரும்பிப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சார் என்று சொல்லவில்லை.

"அட!" என்றார்.